வேனுக்குள் குளிர்காலம்: தண்ணீர் உறையாமல் காப்பது எப்படி?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறோம் என்று சொல்லும் குடும்பங்களை எங்கள் புளோக்கிலேயே இப்போது பார்க்க முடிகிறது. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து, தென்தீவைச் சுற்றி வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டியிலேயே இருக்கின்றன. ஊருக்கு ஊர் ஹோட்டல் தேட வேண்டாம். சாலையில் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஓட்டுவதற்கும் தயக்கம் இல்லை.

ஒன்றைத்தான் பலரும் யோசிப்பதில்லை. நமக்கு ஜூன் வியர்வை மாதம். அவர்களுக்கு நடுக் குளிர்காலம். வீவக வீட்டில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வராமல் போகும் என்ற நினைப்பே இல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். கேம்பர்வேனிலும் பைப்பு இருக்கிறது, சிங்க் இருக்கிறது, ஷவர் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வருவது வண்டியின் அடியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி என்றால், அந்தத் தொட்டிக்கும் அதே ஏழு டிகிரிதான்.

2018, 2023, 2025 என மூன்று முறை குளிர்காலத்தில் இப்படிப் பயணம் செய்திருக்கிறோம். கடைசி இரண்டு முறை எழுபதைத் தாண்டிய அம்மாவும் உடன் வந்தார். நான் வேலை பார்ப்பது கட்டடப் பராமரிப்புத் துறையில். குழாய், பம்பு, வால்வு எல்லாம் எனக்குத் தினசரிச் சங்கதிகள். அதனாலோ என்னவோ, கணவரும் பிள்ளைகளும் மலையைப் பார்க்கும்போது நான் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று வீட்டில் கேலி உண்டு. பரவாயில்லை. போகப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கே உறையும், எப்படி உடையும்?

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். கண்ணாடிப் பாட்டிலை நிரப்பி ஃபிரீசரில் வைத்து மறந்துவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேனின் குழாயிலும் அதுதான் நடக்கிறது, ஒரு சிறு வேறுபாட்டோடு. பனிக்கட்டி உண்டான இடத்திலேயே குழாய் உடையும் என்பதில்லை. குழாயின் நடுவில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது, மறுமுனையில் பைப்பு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லை. பனிக்கட்டி வளர வளர அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எது பலவீனமோ அது விரிசல் விடும். ஓர் இணைப்பு, ஒரு வடிகட்டிக் கிண்ணம், பைப்பின் உட்பாகம், பம்பின் தலை, இப்படி ஏதோ ஒன்று. எனவே இரவில் பைப்பைத் திறந்து வைப்பதில் பொருள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய தொட்டி அவ்வளவு எளிதில் உறையாது. ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ, அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு எடுத்தால்தான் அந்த ஒரு லிட்டரும் முழுதாகக் கட்டியாகும். 80 லிட்டர் தொட்டியிலிருந்து ஓர் இரவில் அத்தனை வெப்பம் வெளியேறுவது கடினம். மேலே ஓர் ஏடு படியலாம், அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால், சுண்டுவிரல் பருமன் உள்ள குழாய்களில். அவற்றில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம், சுற்றிலும் குளிர்காற்று. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாய், தொட்டியின் அடியில் உள்ள வடிகால் வால்வு, வெளிப்பக்க ஷவர் இணைப்பு, சிங்க் கழிவுநீர் இறங்கும் குழாய் ஆகியவை முதலில் உறையும்.

இன்னொன்று, இது இரவில் மட்டும் நடப்பதல்ல. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரி உள்ள காலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அடியில் தொங்கும் குழாய்மீது குளிர்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்றின் வெப்பநிலைக்குக் கீழே குழாயின் வெப்பநிலை இறங்காது என்றாலும், அந்த நிலையை அது மிக விரைவில் எட்டிவிடும். காலையில் ஒழுங்காக வந்த தண்ணீர், மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது வராமல் போவது இதனால்தான்.

விண்மீன் தெளிவாகத் தெரிந்தால் எச்சரிக்கை

தென்தீவில் எல்லா இடமும் ஒரே குளிர் இல்லை. ஹொக்கிட்டிக்கா, ஃபிரான்ஸ் ஜோசஃப் இருக்கும் மேற்குக் கடற்கரையில் மழைதான் தொல்லை, உறைபனி குறைவு. கடலை விட்டு உள்ளே போகப் போகத்தான் குளிர் கடிக்கும். டெக்காப்போ, ட்வைசல், ஒமராமா ஊர்கள் இருக்கும் மெக்கென்ஸி பள்ளத்தாக்கும், அதற்குத் தெற்கே மத்திய ஒட்டாகோவும் அப்படிப்பட்டவை. மத்திய ஒட்டாகோவில் ஓஃபிர் என்ற சின்ன ஊரில் 1995ஆம் ஆண்டு ஜூலையில் பூஜ்யத்துக்குக் கீழே 21.6 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. சாதாரண ஜூன் இரவில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து, ஏழு என்பதெல்லாம் அங்கே செய்தியே இல்லை.

டெக்காப்போ ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மக்கள் அங்கே போவது பெரும்பாலும் இரவு வானத்தைப் பார்க்க. 2012இல் அந்த வட்டாரம் அனைத்துலக இருள்வானப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சிக்கல் என்னவென்றால், எந்த இரவில் விண்மீன்கள் நன்றாகத் தெரிகின்றனவோ அந்த இரவில்தான் குழாயும் உறையும். மேகம் ஒரு போர்வை மாதிரி. அது இல்லாத, காற்றும் அசையாத இரவில் தரையின் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய்விடும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே வண்டியை நிறுத்த இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஓடைக்கரைப் பள்ளத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் மேட்டில் நிறுத்துங்கள். காலை வெயில் முதலில் எந்தப் பக்கம் விழும் என்றும் பாருங்கள். தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஜூன் மாதம் அங்கே சூரியன் எட்டு மணிக்குப் பிறகுதான் எழும், ஐந்து மணிவாக்கில் மறைந்துவிடும். இரவு என்பது பதினைந்து மணி நேரம். சிங்கப்பூரில் பன்னிரண்டு மணி நேர இரவுக்குப் பழகிய நமக்கு இது ஒரு கணக்குப் பிழையாகவே படும். "சாயங்காலம் நிறுத்திக்கொள்ளலாம்" என்று மெத்தனமாக இருந்தால், வேலையெல்லாம் இருட்டில், விறைத்த கையோடு செய்ய வேண்டியிருக்கும். நாங்கள் நாலு மணிக்கே நிறுத்திவிடுவோம்.

ஒரு கோலாலம்பூர் குடும்பம்

2023இல் ட்வைசலில் ஒரு ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தோம். கணவன், மனைவி, எட்டு மாதக் குழந்தை. முந்தைய மூன்று இரவுகள் கடற்கரை ஊர்களில் தங்கியிருக்கிறார்கள், ஒரு தொல்லையும் இல்லை. அன்று இரவு ஹீட்டர் சத்தத்தில் குழந்தை விழித்து விழித்து அழுததால் அதை அணைத்துவிட்டுக் கனத்த போர்வைக்குள் படுத்துக்கொண்டார்கள். பம்பு சுவிட்ச் போட்டபடியே இருந்தது. எல்லாப் பைப்பும் இறுக மூடியிருந்தது.

விடிந்ததும் தண்ணீர் வரவில்லை. சரி, உறைந்திருக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது பனிக்கட்டி உருகியிருந்தது. வடிகட்டிக் கிண்ணத்தில் விரிசல். "கட்டிலுக்குக் கீழே இருந்து பீச்சி அடிக்குது அக்கா, மெத்தை, குழந்தை டயப்பர் எல்லாம் போச்சு," என்றார் அந்தப் பெண். பம்பு தன் கடமையைச் செய்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் தானாக ஓடி, தொட்டியில் இருந்ததையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது.

வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தை அழைத்தால், தண்ணீர் அமைப்பில் உறைபனியால் வரும் சேதம் அவர்கள் கட்டியிருந்த காப்புத் திட்டத்தில் சேராது என்றார்கள். ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் அது எழுதியும் இருந்தது. கூடுதல் பணம் கட்டி எடுத்த திட்டம் அது. அந்தத் தம்பி ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் காட்டி, "எல்லாத்துக்கும் கவர் இருக்குன்னு கவுண்ட்டர்ல சொன்னாங்க அண்ணே," என்று என் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்று வண்டி வர இரண்டு நாள். அதுவரை கைக்குழந்தையோடு பார்க்கிலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். மில்ஃபோர்ட் சவுண்ட் பயணம் கைவிட்டுப் போனது.

அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சாவியைக் கொடுக்கும்போது ஒரு பத்து நிமிடம் செலவழித்து, "உறைபனி இரவில் இதையெல்லாம் செய்யுங்கள்" என்று யாராவது காட்டியிருந்தால் போதும். வெப்பநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அதைக் காட்டுவது வாடகைக்குக் கொடுப்பவரின் பொறுப்பு என்பது என் கருத்து. காட்டவில்லையென்றால் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலை நான்கு மணி வேலைகள்

எங்கள் வழக்கம் இது. நிறுத்துவதற்கு முன் ஊரில் உள்ள டம்ப் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைப் பெட்டி இரண்டையும் காலி செய்துவிடுவோம். வெறும் தொட்டியில் உறைய ஒன்றும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் அரைகுறையாகத் தண்ணீர் கிடந்தால், வால்வைச் சுற்றி உறைந்து, மறுநாள் காலி செய்யவே முடியாது. இரவில் சிங்க்கில் தண்ணீர் ஊற்றாமல், ஒரு வாளியில் சேர்த்து வைத்துக் காலையில் கொட்டுவோம். கழிவுநீரைப் புல்லில் ஊற்றுவது அந்த ஊரில் பெரிய தவறு, அதைச் செய்யாதீர்கள்.

பிறகு நல்ல தண்ணீரைப் பிடித்துக்கொள்வோம். பொழுதிருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். காலையில் பார்க்கின் வெளிக்குழாயே உறைந்திருக்கும். பிடித்து முடித்ததும் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வடியவிட்டு, சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். இரவு முழுதும் மாட்டியே விட்டால் காலையில் அது கம்பி மாதிரி விறைத்துக் கிடக்கும், வளைத்தால் உடையும்.

படுக்கப்போகும்போதுதான் முக்கியமான வேலை. பம்பு சுவிட்சை அணையுங்கள். பிறகு எல்லாப் பைப்பையும் திறந்துவிடுங்கள். சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் ஒரே கைப்பிடி என்றால், அதை நடுவில் வைத்துத் தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் திறக்கும். ஷவரையும் மறக்காதீர்கள். பம்பு ஓடாததால் தண்ணீர் கொட்டாது. குழாயில் பனிக்கட்டி உண்டானாலும் தள்ளப்படும் தண்ணீருக்குப் போக ஒரு வாசல் இருக்கும். அந்தக் கோலாலம்பூர் வண்டியில் இல்லாமல் போனது இந்த வாசல்தான்.

ஹீட்டரை இரவு முழுதும் ஓடவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பதினைந்து டிகிரி இருந்தால் போதும். சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அந்தச் சூடு குழாய்களுக்கும் போய்ச் சேரும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடினால், பெட்டி படுக்கைகளை அதன்மேல் அடைத்து வைக்காமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மின்இணைப்புள்ள இடமாக எடுப்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அவசியம் என்பேன். மின்ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் டிரிப் ஆகலாம். பிள்ளைகளுக்கு மைலோ கலக்கும் ஐந்து நிமிடம் ஹீட்டரை அணைத்து வைத்தால் தீர்ந்தது. இலவசமாக எங்காவது ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்கும் ஆசை எனக்கும் உண்டு. அதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாட்டர் ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பல வண்டிகளில் அதற்கென்று ஒரு காப்பு வால்வு இருக்கும். எடுத்துக்காட்டாக, ட்ரூமா என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் ஃபுரோஸ்ட்கன்ட்ரோல் வால்வு, சுற்றியுள்ள வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து, ஹீட்டரில் உள்ள தண்ணீரை வெளியே கொட்டிவிடும். அதை மறுபடி கையால் மூடலாம், ஆனால் ஏறக்குறைய 7 டிகிரிக்கு மேலே சூடேறிய பிறகுதான். நள்ளிரவில் வண்டியடியில் சலசலவென்று தண்ணீர் கொட்டினால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. பம்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீர் முழுதும் அந்த வழியே போய்விடும்.

அம்மாவின் குடம்

இத்தனை சொன்ன பிறகும், எங்களை எப்போதும் காப்பாற்றியது அம்மாவின் பழக்கம்தான். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதுக்குழாய். இன்றுவரை, சிங்கப்பூர் வீட்டில்கூட, இரவு படுக்கும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மூடி வைக்காமல் தூங்க மாட்டார். நாங்கள் சிரிப்போம். டெக்காப்போவில் முதல் இரவே கேட்டார்: "தண்ணி பிடிச்சு வெச்சியாம்மா?"

"தொட்டியில இருக்கும்மா. எண்பது லிட்டர்."

"தொட்டியில இருக்கிறது தொட்டித் தண்ணி. குடத்துல இருந்தாத்தான் நம்ம தண்ணி."

கிறைஸ்ட்சர்ச் பேரங்காடியில் ஐந்து லிட்டர் பாட்டில்கள் மூன்று வாங்கினோம். ஒன்று குடிக்க, ஒன்று சமைக்க, ஒன்று கழிப்பறைக்கு. மூன்றும் உள்ளே, ஹீட்டர் காற்று படும் இடத்தில் இருக்கும். பிளாஸ்கில் கொதித்த தண்ணீர். அம்மா காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுபவர். அரைமணி நேரம் கழித்துத்தான் தேநீர். பைப்பு உறைந்தாலும் உறையாவிட்டாலும் அவர் கால அட்டவணை மாறவில்லை. பைப்பில் தண்ணீர் வர பத்து மணியான நாள்களும் உண்டு. அந்த நாள்களில் நாங்கள் ஒன்பது மணிக்கே பசியாறி முடித்திருந்தோம்.

அம்மாவோடு நான் சண்டை போட்டது வேறு ஒரு விஷயத்துக்கு. ட்வைசலில் மூன்றாவது இரவு, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அந்த அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிடேன்மா, புள்ளைங்க நடுங்குதுங்க," என்றார். லயத்து அடுப்படியில் மழைக்காலத்தில் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்த நினைவு அவருக்கு. முடியவே முடியாது என்றேன். மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பை எரியவிட்டால் காற்றில் உயிர்வாயு குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலியும் அசதியும் வந்து, தூக்கம் என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. அம்மாவுக்குக் கோபம். "நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அடுப்படிக்கு ஓட்டைக் கூரையும் இடுக்குள்ள பலகைச் சுவரும் இருந்தன என்று எப்படி விளக்குவது? சுடுநீர்ப் பையை அவர் காலடியில் வைத்தேன். மறுநாள் காலைவரை பேசவில்லை.

வண்டியை எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அதன் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். சமைக்கும்போது கூரைத் துவாரம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். சமையல் ஆவியும் நம் மூச்சும் கண்ணாடியில் நீராகப் படிந்து படுக்கையை ஈரமாக்கும், அதற்கும் இதுதான் மருந்து.

கேஸ் பற்றி இன்னொன்று. பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரிவரை தாங்கும். எனவே கடையில் விற்கும் சிறிய பியூட்டேன் டப்பா அடுப்பை வெளியே வைத்துச் சமைக்கலாம் என்று திட்டம் போட்டால் உறைபனிக் காலையில் அது ஏமாற்றிவிடும். வண்டியின் பெரிய சிலிண்டரையே நம்புங்கள்.

உறைந்துவிட்டால்?

பதற்றம் வேண்டாம். முதலில் பம்பை அணையுங்கள். அடைபட்ட குழாயில் பம்பை ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்புதான் போகும். பைப்புகளைத் திறந்து வைத்து, உள்ளே சூட்டைக் கூட்டி, அலமாரிகளைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். எட்டும் இடமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றலாம். மின்இணைப்பு இருந்தால் முடி உலர்த்தியைத் தூரத்தில் பிடிக்கலாம். கொதிநீரை ஊற்றுவதும் தீயைக் காட்டுவதும் பிளாஸ்டிக் இணைப்புகளை நாசம் செய்துவிடும்.

உருகிய பிறகுதான் உண்மை தெரியும். பைப்புகளை மூடி, பம்பைப் போட்டு, எல்லோரையும் ஐந்து நிமிடம் வாயை மூடச் சொல்லுங்கள். பம்பு கொஞ்சம் ஓடி, அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். யாரும் பைப்பைத் தொடாமலே அது இடையிடையே 'கிர்' என்று ஓடி நின்றால், எங்கேயோ கசிகிறது. பம்பை அணைத்துவிட்டு சிங்க் அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் உறைந்த வண்டியை விட்டு எங்கும் போகாதீர்கள்.

உறைதடுப்பான் ஊற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சொந்தமாக வண்டி வைத்து, குளிர்காலம் முழுதும் ஓட்டாமல் நிறுத்திவைப்பவர்கள் தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தைக் குழாய்களில் ஓட விடுவார்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதை இந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது. பத்து நாள் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். குடிக்கும் தண்ணீர் போகும் வழியில் நாமாக எதையும் ஊற்றுவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் ஒரு பிடி உப்புப் போட்டால் உறையாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது லிட்டர் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரிவரை உறையாமல் இருக்க இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். ஊறுகாய்தான் போட வேண்டும்.

காலை ஆறரை மணி

டெக்காப்போவில் கழிவுநீர் வால்வைப் பார்க்க ஒருநாள் காலை ஆறரைக்கு வெளியே வந்தேன். இன்னும் கும்மிருட்டு. புல் காலடியில் நொறுங்கியது. வடகிழக்கில், தாழ்வாக, ஒரு சின்ன விண்மீன் கொத்து. நம் கார்த்திகை மீன்கள். மாவோரி மக்கள் அதை மாத்தாரிக்கி என்கிறார்கள். நடுக்குளிரில் விடியலுக்கு முன் அது மீண்டும் தோன்றுவதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் அது நியூசிலாந்தில் பொது விடுமுறை. அம்மாவை எழுப்பி, இரண்டு கம்பளியைப் போர்த்தி அழைத்து வந்தேன். சண்டை போட்ட இரவுக்கு இரண்டு நாள் முன்பு இது. "அறுமீனா? இங்கயுமா?" என்று எண்ணிப் பார்த்தார். ஆறுதான் எண்ண முடிந்தது. பிறகு குளிருகிறது என்று உள்ளே போய்விட்டார்.

முன்பதிவு செய்யுமுன்

வாடகை நிறுவனத்திடம் நான் கேட்பவை இவை. தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு உள்ளே இருக்கிறதா, அடியில் தொங்குகிறதா? உள்ளே இருந்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும். இரவு முழுதும் ஓடும் ஹீட்டர் டீசலா, கேஸா, மின்சாரம் மட்டுமா? மின்சாரம் மட்டும் என்றால் ஓட்டும்போதும், மின்இணைப்பு இல்லாத இடத்திலும் வெப்பம் கிடையாது. உறைபனிச் சேதம் யார் தலையில்? இதற்கு வாய்ப்பேச்சாகப் பதில் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வடிகால் வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று சாவி வாங்கும்போது தொட்டுக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சாலைகளில் அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்பதையும் கேட்டுவிடுங்கள். சில மலைப்பாதைகளில் குளிர்காலத்தில் சக்கரச் சங்கிலி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

டீசல் வண்டி என்றால், கடற்கரை நகரத்தில் நிரப்பிய டீசலோடு மலைக்கு ஏறி அங்கே இரவு தங்காதீர்கள். கடுங்குளிரில் டீசலில் மெழுகு கட்டும். மலையூர்களில் குளிர்காலத்தில் அதற்கேற்ற டீசல் விற்கிறார்கள், போய்ச் சேர்ந்ததும் அங்கேயே நிரப்புங்கள். வெப்பம் தரும் ஹீட்டரும் பெரும்பாலும் அதே டாங்கிலிருந்துதான் எடுக்கிறது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மூன்று தொட்டிகளையும் காலி செய்து, பம்பை ஓட்டி, ஒவ்வொரு பைப்பிலும் தண்ணீர் ஒழுங்காக வருவதைக் காணொளி எடுத்து வைத்துக்கொள்கிறோம். மூன்று முறையும் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.